அப்பாவின் பங்கு

கொடைக்கானலில் மழை விட்ட காலைகளில் பள்ளத்துக்குள் கடல் வந்து நிற்கும். அதை மூடுபனி என்று சொல்வது பெரியவர்களின் பழக்கம். ஒன்பது வயதில் கடற்கரையை விட்டு மலை ஏறிவந்த எனக்கு அது கடல்தான். வெள்ளையாக, அசையாமல், நாங்கள் நிற்கும் மேட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து கிடக்கும். தூரத்தில் இரண்டு மூன்று மலை உச்சிகள் தீவுகளாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். இறங்கிப் போனால் கால் நனையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அலைச் சத்தம் மட்டும் ஏன் கேட்கவில்லை என்பதுதான் புரியாமல் இருந்தது.

அம்மா அந்த வெள்ளைக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள். குளிர்காற்று முகத்தில் அறையும். சுவரோரமாகத் திரும்பி உட்கார்ந்தால் எத்தனையோ சுகம். அவள் திரும்பமாட்டாள். எங்கள் ஊரில், வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது பெண்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. தலை வாரினாலும், வலையில் கிழிசல் பார்த்தாலும், ஊர்வம்பு பேசினாலும் முகம் கடல் பக்கம்தான். அந்த வழக்கத்தை அம்மா ஏழாயிரம் அடி உயரத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"தங்கச்சி, அது கடல் இல்ல, மிஸ்ட்டு. அதுக்கு அடியில வத்தலக்குண்டு கெடக்கு, வாழைத் தோட்டம் கெடக்கு" என்பார் மாமா. மாமா அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் சமையல்காரர். அந்தப் பங்களாவின் பின்கட்டில்தான் எங்களுக்கும் இடம். எதிலும் நாலு இங்கிலீஷ் வார்த்தை சேர்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"தெரியும்ண்ணே" என்பாள் அம்மா. ஊசியை நிறுத்தமாட்டாள், திரும்பவும் மாட்டாள்.

வெயில் ஏறியதும் அந்தக் கடல் கலையும். கீழே செம்மண்ணும் கோடு மாதிரி ஒரு சாலையும் தெரியவரும். "கடல் வத்திருச்சு" என்று நான் சொல்வேன். அம்மா நூலைச் சுருட்டிக்கொண்டு பங்களா வேலைக்குப் போவாள்.

எங்கள் ஊரில் நிஜக்கடலே அப்படி வற்றி, உள்ளே இருப்பதைக் காட்டும். அது நாற்பது ஐம்பது குடிசையும் ஒரு மாதா கோயிலும் உள்ள சின்ன ஊர். இப்போது இருக்கும் இடத்தில் அந்த ஊர் பிறக்கவில்லை. கடல் துரத்தத் துரத்த மூன்று தடவை உள்ளே தள்ளி வந்த ஊர் அது. முதல் ஊர் எங்கே இருந்தது என்று கேட்டால் இரண்டாவது அலைக்கு அப்பால் கையைக் காட்டுவார்கள். நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சியும் உண்டு. பெரிய வற்றம் வரும் நாளில், இடுப்பளவுத் தண்ணீரில், பழைய ஊரின் கிணற்று உறை தலை தூக்கும். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்திருக்க, அந்தக் கிணற்றுக்குள் மட்டும் இனிப்புத் தண்ணீர் ஊறும். அப்பா என்னைத் தோளில் தூக்கிப்போய் ஒரு முறை அதைக் குடிக்கவைத்தார். உண்மையிலேயே இனித்ததா, அப்பா இனிக்கிறது என்று சொன்னதால் இனித்ததா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் குடித்தேன்.

ஊர் எழுந்திருப்பதே ஒரு கனவு மாதிரி இருக்கும். வெள்ளி முளைக்கும்போதே ஆண்கள் மணலில் நடந்து போவார்கள். மணலில் காலடிச் சத்தம் கேட்காது, இருமல்தான் கேட்கும். இன்னார் வீட்டு இருமல் என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். அப்பாவுக்கு இருமல் கிடையாது. அவர் போவது எனக்குத் தெரியாது, வருவதுதான் தெரியும். கரைவலை இழுக்கும் நாளில் கிழவர், பிள்ளைத்தாய்ச்சி, பள்ளிக்கூடம் போகாத வாண்டு என்று எல்லோரும் கயிற்றைப் பிடிப்பார்கள். கயிற்றைத் தொட்டவருக்கெல்லாம் மீன் உண்டு. நான் இழுத்ததைவிடத் தொங்கியதுதான் அதிகம், ஆனாலும் எனக்கென்று ஒரு கைப்பிடி மீன் விழும்.

அப்பா போனது ஐந்து பேர் போகும் படகு. ஒரு வாடைக்காலத்துப் பகலில் காற்று திடீரென்று மாறி அடித்ததில் படகு கவிழ்ந்து, நிமிர்த்தும்போது நாலு பேர்தான் இருந்தார்கள். மூன்று நாள் தேடினார்கள். அப்பா கிடைக்கவில்லை, அவர் தலைத்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அப்படிக் கரை திரும்பாதவனை எங்கள் ஊர் செத்தான் என்று சொல்லாது. கடலில் இருக்கிறான் என்றுதான் சொல்லும். கடலில் இருக்கிறவனுக்குப் பங்கு உண்டல்லவா? படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று மணலில் மீனைக் குவிக்கும்போது, நாலு பேருக்கும் குவித்துவிட்டு அப்பாவுக்கும் ஒரு குவியல் வைத்தார்கள். அதை ஓலைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா மீனை எடுத்துக்கொண்டு, பெட்டியில் ஒரு பிடி உப்பு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வருஷமே மாமா வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். ஊரில் எல்லோரும் அம்மாவை இரக்கத்தோடு பார்த்த பார்வைதான் அவளை விரட்டியது என்று நினைக்கிறேன். போகும்போது படகுக்காரர்களில் மூத்தவர் வந்து, "நீ எங்க இருந்தாலும் அவன் பங்கு வரும்மா" என்று சொன்னார். பச்சை மீன் மலை ஏறாது. அதனால் அப்பாவின் பங்கு கருவாடாயிற்று.

கொடைக்கானல் பஜாரில் கருவாட்டுக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் எங்கள் கரையிலிருந்துதான் சரக்கு எடுப்பார். கொடைரோடு வரை ரயிலிலும் அதற்குமேல் லாரியிலும் மாதம் ஒரு தடவை அவர் மூட்டைகள் வரும். மூட்டைகளுக்கு மேலே எங்கள் ஓலைப்பெட்டி உட்கார்ந்து வரும். லாரி வரும் சனிக்கிழமை நான் போய்ப் பெட்டியை வாங்கி வருவேன். அடுத்த மாதம் சரக்கெடுக்க லாரி இறங்கும்போது, பெட்டியில் ஏதாவது போட்டுத் திருப்பி அனுப்புவோம். மலைப்பூண்டோ, பேரிக்காயோ, அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைப் போடுவாள் அம்மா. வெறும் பெட்டி மட்டும் போகக் கூடாது. ஏன் என்று அம்மா சொன்னதில்லை. விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே என்பது மாதிரி, அதுவும் ஒன்று என்று நான் இருந்துவிட்டேன்.

எனக்கு வேறொன்று தெரியும். எனக்கு அது போதுமாயிருந்தது. "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று நான் கேட்கும்போதெல்லாம் அம்மா, "பங்கு வருதுல்லா?" என்பாள். பங்கு வருகிறது, ஆகவே அப்பா இருக்கிறார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக நான் நடந்து வருகையில், குதிரை ஏறி வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்ளும். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. என் அப்பாவின் வாசனை அது. உங்கள் அப்பாவுக்கு ஏதடா வாசனை என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்.

கருவாட்டைப் பங்களாவில் வறுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் தடவை அம்மா அடுப்பில் போட்டபோது, துரைசானி பதறிப்போய் ஓடிவந்து, கூரைக்குள் எது செத்துக் கிடக்கிறது என்று தோட்டக்காரனை ஏறிப் பார்க்கச் சொல்லிவிட்டாள். மாமா முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு, துரை குடும்பம் ஏரியில் படகு விடப் போகும் நாட்களில்தான் எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. மற்றபடி துரைசானி நல்லவள். அம்மாவுக்கு ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்தது அவள்தான். வலை பின்னிய கை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. முதல் ஸ்வெட்டர் மட்டும் நெத்திலி வலையின் கண்ணளவில் ஓட்டை ஓட்டையாக வந்தது. அதை மாமா எனக்கு மாட்டிவிட்டு, "காத்துக்கு வழி விட்டிருக்கா எந் தங்கச்சி" என்று ஒரு வாரம் கேலி செய்தார்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. ஆரம்பத்தில் பெட்டியில் சீலா, பாறை என்று பெரிய மீன்களின் துண்டுகள் வரும். பிறகு மலிவான சாளை வந்தது. பிறகு காரல், அதுவும் விரல் நீளம். ஒரு மாதம் பெட்டியைக் கவிழ்த்தபோது கருவாட்டுக்கு அடியில் பாதிப் பெட்டிக்குக் காய்ந்த பனையோலை மடித்து வைத்திருந்தது. பெட்டி நிறைந்த மாதிரி தெரியவேண்டும் என்று அடைத்தது. எனக்கு ஓலை கிடைத்த சந்தோஷம். காற்றாடி செய்ய ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அம்மா மிச்ச ஓலைகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

அது பிளம்ஸ் பழுக்கும் காலம். பங்களாத் தோட்டத்து மரத்திலிருந்து துரைசானி கொடுத்தாள் என்று மாமா பதினோரு பழம் கொண்டுவந்தார். கறுப்போடிய சிவப்பு, மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு பூச்சு. விரலால் தேய்த்தால் கண்ணாடி. அம்மா எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. அத்தனையையும் பெட்டியில் வைத்து மூடி, ஆணியில் மாட்டிவிட்டாள். "படகுக்காரக பிள்ளைகளுக்கு. அதுக இதக் கண்ணால கண்டிருக்காது" என்றாள்.

என் நாக்கைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். பேசுவதிலும் நீளம், தின்பதிலும் நீளம். பழத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகளில் நானும் ஒருத்திதானே என்ற நியாயம் முதலில் தோன்றியது. வியாழக்கிழமை பகலில் முக்காலி போட்டு ஏறி ஒன்றை எடுத்தேன். ஒன்று போனால் தெரியாது. ஒன்று போனதே தெரியவில்லை என்றால் இரண்டு எப்படித் தெரியும்? இந்தக் கணக்கில் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினொன்றும் முடிந்துவிட்டன. கொட்டைகளைத் தோட்டத்து மூலையில் புதைத்தேன். கடைசிப் பழம் வாய்க்குள் இருக்கும்போதுதான் நாளைக்குப் பெட்டி போகவேண்டுமே என்று நினைவு வந்தது.

சனிக்கிழமை காலை பள்ளம் முழுக்க மூடுபனி. அம்மா வழக்கமான இடத்தில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்திருந்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதோ திறக்கப்போகிறாள், இதோ முதுகில் விழப்போகிறது. அவள் திறக்கவில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சை அவிழ்த்தாள். மறுபடியும் சுற்றி, எங்கள் கரையில் போடும் முடிச்சாகப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள்.

"கொண்டு போயிக் குடு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தப்பித்தேன் என்று ஓடினேன். பாதி வழியில், வெறும் பெட்டி போகக் கூடாதே என்ற நினைப்பு வந்தது. தைல மரத்தடியில் உட்கார்ந்து காய் பொறுக்கினேன், பைன் மரத்துக் காய்களும் நாலு எடுத்தேன். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் பார்த்தேன், பல்லால் பார்த்தேன். படகைக் கட்டும் முடிச்சு பத்து வயசுப் பல்லுக்கு அவிழுமா? அழுதுகொண்டே பஜாருக்குப் போனேன்.

"என்ன புள்ள, இம்புட்டு வெள்ளனே வந்துட்ட? குடு வெரசா, லாரிக்காரன் நிக்கிறான்" என்று ராவுத்தர் பெட்டியை வாங்கினார். தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா, உங்கம்மா பஞ்சு வச்சு அடச்சிருக்காங்களா?" என்று சிரித்தார்.

"ஆமா" என்றேன். லாரி வளைவு திரும்பி மறையும்வரை நின்று பார்த்தேன்.

அடுத்த மாதம் லாரி வந்தது. மூட்டைகள் இறங்கின. மேலே பெட்டி இல்லை. ராவுத்தர் என்னோடு சேர்ந்து மூட்டைகளுக்கு இடையில் தேடினார். பிறகு சரக்கோடு வந்த ஆள் அவர் காதில் ஏதோ சொன்னான். ராவுத்தர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீ போ தாயி, நான் வந்து அம்மாட்ட பேசிக்கிறேன்" என்றார். வாய் ஓயாமல் கேலி பேசுகிற மனுஷன் என்னைத் தாயி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானமே கடையை அப்படியே போட்டுவிட்டுப் பங்களாவின் பின்வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. "எனக்கு உங்க ஊரு வழக்கம் தெரியாது தங்கச்சி" என்று தொடங்கினார். "வெறும் பொட்டி திரும்பிப் போனா, வீட்டுக்காரி போதும்னு சொல்லிட்டானு அர்த்தமாம். பொட்டி போய்ச் சேந்த அன்னிக்கே கோயில் மணி அடிச்சுட்டாங்களாம். அந்த நாலு பேரும் அன்னிக்குக் கடலுக்குப் போகலயாம். இனிமே பங்கு எடுத்து வைக்க மாட்டாங்களாம். தெரிஞ்சிருந்தா நானாச்சும் ரெண்டு உருளைக்கிழங்கு போட்டு விட்டிருப்பேன்."

"சரிண்ணே" என்றாள் அம்மா.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெறும் பெட்டி ஏன் போகக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் அப்பா ஒன்றரை வருஷத்துக்கு மேலாகக் கடலில் இருந்தார். நான் பிளம்ஸ் தின்று அவரைக் கொன்றுவிட்டேன். இதை இன்றைக்கு எழுதும்போது சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று மாமா மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். அம்மா தகரப் பெட்டிக்குள் கிடந்த ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். மூன்றாம் நாள் காலை, அவள் நூலை எடுத்துக்கொண்டு உட்காரப் போகும்போது காலைக் கட்டிக்கொண்டேன்.

"நாந்தாம்மா தின்னேன். பழம் பூராவும் நாந்தான் தின்னேன். மணிய அடிக்க வேண்டாம்னு சொல்லும்மா. நீ போதும்னு சொல்லலன்னு எழுதிப் போடச் சொல்லும்மா."

அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துவிட்டாள். "நீயா வந்து சொல்லுவேன்னுதான் இருந்தேன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"ஏட்டி, பழம் இருக்க பெட்டிக்கும் இல்லாத பெட்டிக்கும் பாரம் தெரியாத கையா இது? எடுத்ததுமே தெரிஞ்சிருச்சு."

"பொறவு ஏன் கட்டுனே?"

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். அன்றைக்கும் வெள்ளைக்கடல் நிரம்பித்தான் கிடந்தது.

"மாசாமாசம் அந்தப் பெட்டியத் தூக்கிப் பாக்கேன். பாரம் குறைஞ்சுக்கிட்டே வருது. கடல்ல மீன் இல்ல. அவுக பிள்ளைக வாயில இருக்கத எடுத்துதான் ஒங்கப்பனுக்குப் பங்கு வச்சாக. குறையுதுன்னு நமக்குத் தெரியக் கூடாதுன்னு அடியில ஓலையும் வச்சாக. அதுக்கு மேலயும் வாங்கலாமாட்டி? போதும்னு சொல்லணும்னு நாலு மாசமா நினைக்கேன். பெட்டியக் காலி பண்ண எனக்குக் கை வரல. ஒவ்வொரு தடவையும் எதையாச்சும் போட்டு மூடிருவேன். இந்தத் தடவை நீ காலி பண்ணி வச்சிருந்தே. நான் கட்ட மட்டும்தான் செஞ்சேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, "பழம் இனிச்சுதா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கடைசிப் பழம் புளிச்சது. மத்ததெல்லாம் இனிச்சது" என்றேன்.

"சரி" என்றாள்.

பிறகு நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு போய், சுவரோரமாக, முகத்தில் காற்றுப் படாமல், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள். மாமா காபி டம்ளரோடு வந்தவர், அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வாயில் வந்த கேலியை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அவள் தோளுக்கு மேலாக அந்த வெள்ளைக் கடல் முழுவதும் எனக்குத் தெரிந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. "இந்தப் பக்கம் வந்து திரும்பி உக்காரு, குளிரும்" என்றாள் அம்மா. நான் திரும்பவில்லை.